என்னை முன்னாடி போகச் சொன்னவர்

பேய், முனி, ஆவி என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பைப் பாஸுக்கு நெஞ்சில் மட்டும் அடைப்பில்லை, மூளையிலும் அடைப்பு என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நானும் இப்படிக் கதை சொன்னவர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்குக் குடிதண்ணீர் திறந்து விடுகிறதும் குழாய் பழுது பார்க்கிறதும் என் வேலை, அதனால் சின்னப் பிள்ளை முதல் தோட்டத்தை நடத்துகிற தொரை வரைக்கும் எல்லாருக்கும் நான் பைப் பாஸ், சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோகும். தண்ணீர்த் தொட்டி இருக்கிற காட்டோரத்தில் முனி நடமாடுகிறது என்று ஆட்கள் அந்தப் பக்கம் தனியாகப் போக மாட்டார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவேன்.

என் மனைவி ராஜேஸ்வரி அப்படியில்லை. அவளுக்கு எல்லாச் சாமியும் வேண்டும். தேயிலை ஃபெக்டரி வாசலில் இருக்கிற ரோதமுனிக்கு அவள் விளக்கு வைக்கக் கிளம்பும்போதெல்லாம், "முனிக்கு நெஞ்சு வலி வந்தா அது எந்த முனிகிட்ட போயிச் சொல்லும்?" என்று வம்புக்கு இழுப்பேன். "வாயக் கழுவுங்க மொதல்ல" என்பாள். எனக்கு நெஞ்சு வலி வந்தபோது இதைச் சொல்லிக்காட்டாமல் விட்டாளே, அதுவே பெரிய புண்ணியம்.

வந்தது போன மழைக்காலத்தில். காலையில் தொட்டிக்குப் போகிற வாய்க்காலில் சேறு அள்ளிக்கொண்டிருந்தேன், இடது தோளில் ஒரு பிடிப்பு. முதல் நாள் இரும்புக் குழாய் தூக்கின தோள் அது, அதனால் சுளுக்கு என்று நினைத்துக் கையை உதறிவிட்டு வேலையைப் பார்த்தேன். பிறகு அந்தப் பிடிப்பு தாடைக்கு ஏறியது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஆனது, கரையில் உட்கார்ந்தும் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டியது. எங்கள் பக்கத்துக் குளிரில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வேர்க்கக் கூடாது, அந்த அளவு எனக்கும் தெரியும். மெல்ல இறங்கி வீட்டுக்கு வந்தேன். ராஜேஸ்வரி என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துக் காம்பரா வீட்டு ஆளைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கையில் மாத்திரைகளைக் கொட்டி மென்று தின்னச் சொன்னார்கள், அம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் இல்லையென்றால் நான் இப்படி உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

நெஞ்சுக் குழாய் அடைப்பை எடுக்கிற அறைக்கு வெளியே நீளமாக ஒரு நடை. அதில் தள்ளுவண்டிக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிட்டு, ராஜேஸ்வரியைக் கீழே பெயர் பதிய அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் இன்னொரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதில் ஒருவர், என்னைவிட வயதில் கொஞ்சம் குறைந்தவர், எங்களைப் போலத் தோட்டத்து ஆள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தலையையும் காதையும் சேர்த்துக் கட்டின மப்ளரை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை, மூக்குக்கும் வாய்க்கும் ஒக்சிசன் மூடி போட்டிருந்தார்கள். அவருக்கும் என் வியாதிதான். உள்ளே மேசை ஒன்றுதான்.

டொக்டர் வந்து சிங்களத்தில் என்னிடம் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. கூட நின்ற மிஸ்ஸி தமிழ் ஆள், நல்ல பொறுமையான நர்ஸ், அவர்தான் குனிந்து சொன்னார்.

"ஐயா, நெஞ்சுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல ரத்தம் கட்டியா ஒறைஞ்சு அடைச்சிருக்கு. கை வழியா கம்பி விட்டு அதை எடுக்கணும். நேரம் போகப் போக நெஞ்சுச் சதை செத்துக்கிட்டே போகும். நீங்க சம்மதம்னு சொன்னா இப்பவே உள்ள போயிரலாம்."

பயம் என்றால் அப்படி ஒரு பயம். நெஞ்சுக்குள்ளே கம்பியா? நான் குழாய்க்குள்ளே கம்பி விடுகிறவன், கம்பி எங்கெங்கே குத்தும், எங்கே கிழிக்கும் என்று தெரிந்தவன். "என் சம்சாரம் வரட்டும் மிஸ்ஸி, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்றேன். டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்து வண்டியைப் பார்த்தார், அவருக்கு இன்னும் ஏதோ பரிசோதனை முடியவில்லை போல, மறுபடி என்னைப் பார்த்தார். இவர் வரவில்லையென்றால் அடுத்தவரை ஆயத்தப்படுத்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. மனதுக்குள் அப்பாடா என்றுகூட இருந்தது. அவர் முதலில் போகட்டும், எனக்கு என்ன அவசரம்?

அப்போதுதான் பக்கத்து வண்டியில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பினார்.

"நீங்க முன்னாடி போங்கண்ணே. நிக்காதீங்க. எனக்கு வலி நின்னுருச்சு."

நல்ல கணீர் என்ற குரல். நோயாளியின் குரல் மாதிரியே இல்லை, சந்தையில் கூட்டத்துக்கு மேலே கேட்கிற மாதிரிக் குரல். இவ்வளவு தைரியமாக ஒருத்தர் சொல்லும்போது நான் இழுத்துக்கொண்டு கிடப்பது வெட்கமாக இருந்தது. "சரிங்க, போறேன்" என்றேன். உடனே என் வண்டி நகர்ந்தது. கதவுக்குள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன், அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் மணிக்கட்டில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். மயக்க மருந்து கிடையாது, முழு நினைவோடுதான் கிடந்தேன், தலைக்குப் பக்கத்திலிருந்த பெரிய திரையில் என் நெஞ்சே தெரிந்தது. மருந்தைச் செலுத்தினால் குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டு ஓடும், ஒரு குழாய் மட்டும் பாதியில் வெட்டின மாதிரி நின்றது. பெரிய கட்டி என்று மிஸ்ஸி சொன்னார். மெல்லிய குழாய் ஒன்றை விட்டு அதை உறிஞ்சி எடுத்தார்கள், வெள்ளைத் துணியில் கொட்டியதைப் பார்த்தேன், கருஞ்சிவப்பாகக் குட்டிக் குட்டித் துணுக்கு. பிறகு பலூன் வைத்து விரித்து, ஒரு வலைக்குழாயை உள்ளே பதித்தார்கள். திரையில் அந்த இடம் அழகாகத் திறந்துகொண்டது எனக்கே தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. வலி குறைய வேண்டிய நேரத்தில் கூடியது. முன்னைவிட இரண்டு மடங்கு. டொக்டர் மறுபடி மருந்தைச் செலுத்திப் பார்த்தார், கறுப்பு ஓடி வந்தது, திறந்த இடத்தைத் தாண்டியது, அப்படியே தேங்கி நின்றுவிட்டது. அறையில் பேச்சு வேகமானது. ஏதோ மணி அடித்தது. மிஸ்ஸி என் காதருகே வந்தார்.

"ஐயா, அடைப்பு எடுத்தாச்சு, குழாயும் தொறந்தாச்சு. ஆனா ரத்தம் கீழ போக மாட்டேங்குது. கட்டி ஒடைஞ்ச சின்னத் துணுக்குங்க கடைசியில இருக்கிற மெல்லிசுக் குழாய்ங்கள்ல போயி நின்னுருச்சு. மருந்து குடுக்கிறாங்க. தைரியமா இருங்க."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து வருகிற பெரிய குழாயில் அடைப்பெடுத்தால் உடைந்த துருவும் மண்ணும் கீழே ஓடி, லயத்துக்குப் பிரிகிற சின்னக் குழாய்களில் போய் இறுகிக்கொள்ளும். மேலே சுத்தமாக இருக்கும், கீழே ஒரு சொட்டு வராது. அந்த வேலை எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். என் கதை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏதோ மருந்தை நேராகக் குழாய்க்குள்ளே ஏற்றினார்கள். நெஞ்சு துடிப்பதை நிறுத்திவிட்ட மாதிரி ஒரு பள்ளத்தில் விழுந்தேன். "இருமுங்க ஐயா, நல்லா இருமுங்க" என்று மிஸ்ஸி கத்தினார். இருமினேன். அந்த இருமலுக்கு நடுவில், நம்பினால் நம்புங்கள், என் கால்மாட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. நடையில் கேட்ட அதே குரல், இப்போது இன்னும் சத்தமாக, சலிப்பும் சிரிப்பும் கலந்து.

"நகருங்க, நகருங்க. ஏன் இங்கேயே கும்பலா நிக்கிறீங்க? புள்ளைக்காரிங்களுக்கு வழி விடுங்க. நகருங்கம்மா!"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கால்மாட்டில் ஒரு ஆளும் இல்லை, சுவர்தான் இருந்தது. புள்ளைக்காரிகளா? இந்த அறையில் எந்தப் புள்ளைக்காரி? மருந்தின் கோளாறு என்று அந்த வலியிலும் ஒரு எண்ணம் ஓடியது. அதற்குள் திரையைப் பார்த்த டொக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. கறுப்பு மெல்ல மெல்ல நகர்ந்து, நுனி வரைக்கும் போனது. "போகுது ஐயா, போகுது" என்று மிஸ்ஸி என் தோளைத் தட்டினார், அந்தப் பிள்ளையின் கண்ணில் தண்ணீர்.

வார்டுக்குக் கொண்டுபோன பிறகு நான் முதலில் கேட்டது அவரைப் பற்றித்தான். அவருக்கு முடிந்ததா, எந்தக் கட்டிலில் இருக்கிறார்? மிஸ்ஸி போர்வையைச் சரி செய்துகொண்டே சொன்னார். நான் மேசையில் இருந்தபோது நடையிலேயே அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டதாம். அங்கேயே வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார்கள், மின்சாரம் வைத்திருக்கிறார்கள். திரும்பவில்லை.

"அந்த மனுசன் முன்னாடி போகச் சொல்லாட்டி நான் போயிருக்க மாட்டேன் மிஸ்ஸி" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "யாரு சொன்னா?"

"பக்கத்துல இருந்தாரே, அவரு. நீங்களும் நின்னீங்களே."

"யாரும் பேசலையே ஐயா. நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பி, சரிங்க, போறேன்னு சொன்னீங்க. யாருக்குச் சொல்றாருன்னு நெனைச்சேன்."

வேலை மும்முரத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. நான் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை, அவராக மனதாரக் கொடுத்தார். அந்த நினைப்பை வைத்துத்தான் வார்டில் தூங்கினேன்.

நெஞ்சுச் சதையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி மலை ஏறுகிற வேலை கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மலை ஏறாமல் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? வாசலில் உட்கார்ந்து, என் வேலையைப் பழகுகிற ஆளைத் திட்டுவதுதான் வேலை. ஆனால் ஒரு காரியம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பகை இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எனக்காக வழி விட்ட மனிதர் வீட்டுக்கு நான் போகாமல் இருக்கலாமா? ஆள் யார், ஊர் எது என்று தேட வேண்டிய பாடும் இல்லை. அன்றைக்கு அந்த நடையின் வெளிப் பெஞ்சில் ராஜேஸ்வரியும் அவருடைய மனைவியும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தம்மாவுக்குச் செய்தி வந்தபோது பிடித்துக்கொண்டது ராஜேஸ்வரிதான். பெயர் தெய்வானை, ராகலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம், போன் நம்பரும் வாங்கி வைத்திருந்தாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் சீனி, தேயிலை, பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். நுவரெலியாவில் மாறி, ராகலையில் இறங்கி, ஆட்டோ போகிற தூரம் வரைக்கும் போய், மிச்சத்தை நான் நின்று நின்று ஏறினேன். தெய்வானை வாசலுக்கு வந்து ராஜேஸ்வரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே படம் மாட்டியிருந்தது. மப்ளர் இல்லாத முகம், சிரித்த முகம், பெருமாள் என்று பெயர். நான் அதைப் பார்த்துக் கும்பிட்டேன். சாமிக்கே கை கூப்பாதவன் நான்.

தேத்தண்ணி கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமல் திரும்ப முடியாது.

"ஒங்க வீட்டுக்காரரு சொல்லித்தான் தங்கச்சி நான் உள்ள போனேன். நீங்க முன்னாடி போங்கண்ணே, எனக்கு வலி நின்னுருச்சுன்னாரு. எவ்வளவு பெரிய மனசு."

தெய்வானை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "யாருண்ணே சொன்னது?"

"அவருதான். பெருமாள்."

"அண்ணே, அவருக்குக் கை கால் இழுத்துப் பேச்சு போயி ரெண்டு தீவாளி முடிஞ்சிருச்சு. அ, ஆன்னு சத்தம்தான் வரும். ஒரு சொல்லு வராது."

நான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவளுக்கும் இது தெரியாது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுததைத் தவிர அவர்கள் வேறென்ன பேசியிருப்பார்கள்? இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேனோ அதைக் காலுக்குக் கீழேயிருந்து உருவின மாதிரி இருந்தது. அவர் சொல்லவில்லையென்றால் நான் யார் சொல்லிப் போனேன்? அவருடைய இடத்தை அவர் கொடுத்தாரா, நானாக எடுத்துக்கொண்டேனா?

அந்தம்மா விடவில்லை. "எப்படிண்ணே பேசினாரு? கொழறிப் பேசினாரா, நல்லாப் பேசினாரா?"

"நல்லா, கணீர்னு. உள்ள மேசையில கெடக்கும்போதும் கேட்டுச்சு தங்கச்சி. நகருங்க, நகருங்க, புள்ளைக்காரிங்களுக்கு வழி விடுங்கன்னு. எனக்கு அதுக்கு அர்த்தம் வெளங்கல."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகுதான் சொன்னார். பெருமாள் சாக்குக்காரராம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் நின்று, பெண்கள் கொண்டுவருகிற கொழுந்தைச் சாக்கில் வாங்கிப் போடுகிற வேலை. நிறுவை நேரத்தில் எல்லாரும் தராசைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு ஆள் நகராது. பால் குடிக்கிற பிள்ளையைப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தவளுக்குத்தான் முதலில் நிறுவை என்பது அவருடைய சட்டம். தினமும் கத்துவாராம், நகருங்க, நகருங்க, நீங்க முன்னாடி போங்க என்று. அந்தக் குரலுக்கு எல்லாரும் நகர்ந்து வழி விடுவார்களாம்.

"பேச்சு போன பெறகு அந்தக் கொரலத்தாண்ணே நெனைச்சு நெனைச்சு அழுவேன்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மெதுவாக, "எனக்கு ஏதும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்ல தங்கச்சி" என்றேன்.

அதுதான் நான் செய்தது. உண்மையைச் சொன்னேன். பெரிய அரிச்சந்திரன்! தெய்வானையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார், தெய்வானை நல்லவள் என்று சொன்னார், ஏதாவது ஒன்று என் வாயில் வந்திருக்கக் கூடாதா? அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார், எங்களுக்குச் சோறு போட்டார், வழியனுப்ப வளைவு வரைக்கும் வந்தார். "ஒங்க மேல ஒரு கோவமும் இல்லண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றும் சொன்னார். அதைக் கேட்டதற்குப் பதிலாக இரண்டு அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதோடு முடிந்திருந்தால் நானும் மருந்தின் கோளாறு, பயத்தின் கோளாறு என்று எதையாவது சொல்லி விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ராஜேஸ்வரி ஒரு மாதிரி ஆகிவிட்டாள். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டால் எனக்குக் கண் சொருகிவிடும். நான் படுத்தவுடன் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். மழை கொட்டினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நிற்பாள். ஒருநாள் பிடித்து வைத்துக் கேட்டேன்.

"ஏன் புள்ள, நான் படுத்தா அப்படி என்ன வெரட்டுது ஒன்னை?"

"நீங்க தூங்கும்போது பேசுறீங்க."

"பேசினா என்ன? நான் முழிச்சிருக்கும்போதும் பேசுறவன்தானே."

"அது நீங்க இல்ல. கொரல் ஒங்களுது இல்ல. பாப்பா, பாப்பான்னு கூப்புட்டுப் பேசுறாரு."

எங்களுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள், பாப்பா என்று யாரையும் நான் கூப்பிட்டதில்லை. ராஜேஸ்வரி என்னைக் கேட்காமலே தெய்வானைக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒங்கள வீட்டில எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும், பாப்பா என்று கூப்பிடுவாராம்.

"அப்புறம் என்னதான் சொல்றாரு?" என்று ராஜேஸ்வரியைக் கேட்டேன்.

"நான் கேக்கல."

"ஏன் கேக்கல? பக்கத்துல இருந்து கேட்டு வெச்சா அந்தம்மாகிட்ட சொல்லலாமே. இல்ல போன்ல பதிஞ்சாவது வெச்சிருக்கலாம்."

"ஒரு மனுசன் பொண்டாட்டிகிட்ட பேசுறதை நான் எப்படிங்க ஒட்டுக் கேக்குறது? அது எனக்குச் சொல்றதில்லையே."

என் மனைவியைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் பெருமையாக இருந்தது, இத்தனை வருஷம் கிண்டல் செய்தேனே என்று வருத்தமாகவும் இருந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். நான் தூங்குகிற நேரத்துக்குப் போன் போட்டு, என் தலையணையில் வைத்துவிட்டு, ராஜேஸ்வரி வெளியே போய்விடுவது. அந்தப் பக்கத்தில் தெய்வானை கேட்பது. எனக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, ஆனால் சரி என்றேன். அந்தம்மாவுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தது, அது என்னிடம்தான் இருந்தது, ஆனால் என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. தூங்கிக் கொடுக்கலாம் என்றால் தூங்கிவிட்டுப் போகிறேன்.

அன்றைக்கு மாத்திரை போட்டும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் போன், அதில் ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம். எப்படித் தூங்குவது? தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது, அந்தச் சத்தத்தில் எப்படியோ கண் அசந்துவிட்டேன்.

"பைப் பாஸ்! பைப் பாஸ்! கீழ் லயத்துக்குத் தண்ணி வரலங்க!"

வாசலில் யாரோ கத்திக்கொண்டு கதவைத் தட்டினார்கள். ராஜேஸ்வரி ஓடி வந்து அந்த ஆளை ஒதுக்குகிற சத்தமும் கேட்டது. நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொண்டை வறண்டு கிடந்தது, இப்போதுதான் பேசி நிறுத்தின தொண்டை மாதிரி. தலையணையில் போன் இன்னும் கட் ஆகாமல் இருந்தது. அதிலிருந்து தெய்வானையின் குரல் வந்தது, எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்காத, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி.

"சொல்லுங்க. ம்... சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க."

போனை எடுத்துக் காதில் வைத்தேன். என்ன சொல்வது? அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நாந்தான் தங்கச்சி" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகைகூட வரவில்லை. "முழிச்சிட்டீங்களாண்ணே?" என்றார். பிறகு தானாகவே சொன்னார். பாப்பா என்று கூப்பிட்டாராம், அவரேதானாம், சத்தியமாக அவரேதானாம். சாப்பிட்டியா என்று கேட்டாராம். அதன் பிறகு, "அன்னைக்கு நான் ஒங்கிட்ட" என்று ஆரம்பித்தாராம். அவ்வளவுதான். எந்த அன்றைக்கு, என்ன விஷயம், தெய்வானைக்கும் தெரியவில்லை. அவர் பேச்சு போன நாளா, அதற்கு முந்தின ஏதாவது சண்டையா, கல்யாணமான புதிதில் நடந்ததா? எதைச் சொல்ல வந்தார்?

அன்றிலிருந்து நான் தூக்கத்தில் பேசுவதில்லை. பேசுவது இருக்கட்டும், மத்தியானத் தூக்கமே போய்விட்டது. மாத்திரையைக் கூட்டிக் கேட்டேன், டொக்டர் திட்டினார். ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கிறேன், ராஜேஸ்வரி வாசலில் உட்கார்ந்து ஒரு ஆளை விடாமல் காவல் காக்கிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டு முழித்துக் கிடக்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

தெய்வானை இப்போதும் போன் போடுவார், சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகு. உடம்பு எப்படி, மருந்து சாப்பிடுகிறீர்களா, மழையா அங்கே என்றெல்லாம் விசாரிப்பார். எல்லாம் கேட்டு முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்பார்.

"இன்னைக்குக் கொஞ்ச நேரமாவது தூங்கினீங்களாண்ணே?"